வாசக்காலின் அடிப்பக்கம்

மெஷின் சத்தம் கேட்டபோது நான் மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தேன். கொல்லிமலையில் அந்தச் சத்தம் புதிதில்லை. யாராவது ஒருவர் சில்வர் ஓக் மரத்தைச் சாய்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். ஆனால் அன்றைக்கு அது எங்கள் அப்பாவின் பலாமரம் விழுந்து கிடந்த திசையிலிருந்து வந்தது. களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அண்ணன் ஆளைக் கூட்டி வந்துவிட்டான் என்று ஓடும்போதே புரிந்துவிட்டது.

சொந்த அண்ணனை அவன் இவன் என்று எழுதுகிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நேரில் மரியாதையாக அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். எழுதும்போதாவது என் இஷ்டத்துக்கு இருந்துகொள்கிறேன்.

என்னைச் சேந்தமங்கலத்துப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கட்டின இடத்தில் காலம் தள்ள முடியாமல் மலையேறி வந்துவிட்டேன். அண்ணன் எனக்கு ஒதுக்கிய இடம் மாட்டுக்கொட்டாயை ஒட்டிய ஓர் அறை. அதற்குக் கதவு கிடையாது. யாருடைய கல்யாணத்துக்கோ அடித்த ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றை வாசலில் கட்டி வைத்திருந்தேன். முகம் தெரியாத மாப்பிள்ளையும் பெண்ணும் என் வாசலில் கும்பிட்டபடி காற்றில் ஆடிக்கொண்டிருப்பார்கள். மழை வந்தால் சாரல் பாய்வரைக்கும் வரும். மாடு தலையை நீட்டி என்னைப் பார்க்கும். அண்ணியும் நீட்டிப் பார்ப்பாள், கேட்காமல்.

அப்பா சாவதற்கு முன் ஊர்க்காரர்கள் எதிரில் கீழ்க்காட்டைக் காட்டி, இது பொண்ணுக்கு என்று சொன்னார். பத்திரம் கித்திரம் ஒன்றும் இல்லை. அண்ணன் அதை இல்லை என்றும் சொன்னதில்லை, ஆமாம் என்றும் சொன்னதில்லை. நான் அங்கே அஸ்திவாரம் போட்டு, முழங்கால் உயரத்துக்குக் கல் கட்டிவிட்டேன். கதவு மாட்டும் நிலையான வாசக்கால் நடுவதுதான் பாக்கி. எங்கள் பக்கத்தில் வாசக்கால் நட்டுவிட்டால் அந்த இடம் ஒரு வீடு. அதன்பிறகு அதைப் பிடுங்கு என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாசக்கால். அப்பா வைத்த பலாவிலிருந்து அது வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். இது எனக்குத் தெரிந்த அளவுக்கு அண்ணனுக்கும் தெரியும். அதனால்தான் என்னிடம் சொல்லாமல் மெஷினைக் கொண்டு வந்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அடிமரத்திலிருந்து கிளைகளைக் கழித்து முடித்திருந்தார்கள். ஐப்பசி மழையில் வேரோடு சாய்ந்த மரம். இரண்டு பேர் கைகோத்துக் கட்டிப்பிடித்தாலும் பிடிக்குள் வராது. மரத்தை முழுசாகத் தூக்குவதற்கு வழியில்லை, தூக்கினாலும் நம்ம ரோட்டு வளைவுகளில் லாரி திரும்பாது. அதனால் கிடந்த இடத்திலேயே அறுத்துப் பலகையாக்கி இறக்குவதுதான் ஏற்பாடு. அடிவாரத்திலிருந்து வந்த மெஷின்காரர் தோளில் பெரிய செயின்சாவை வைத்துக்கொண்டு நின்றார். சற்றுத் தள்ளி டிராக்டரிலிருந்து பேண்ட்சாவை இறக்கி, தண்டவாளம் போன்ற இரண்டு இரும்புகளைத் தரையில் மட்டம் பார்த்துப் பதித்திருந்தார்கள். அதன்மேல்தான் அந்த மெஷின் போய்வரும். வட்டமாக ஓடும் நாடாவில் பல் வைத்த வாள் அதற்கு.

நான் நேராகப் போய் மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"ஏனுங்க, எறங்குங்க. மெஷின் ஓடற எடமுங்க" என்றார் மெஷின்காரர்.

"மெஷின நிறுத்துங்க. அப்புறம் எறங்கறேன்."

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். "எறங்கு புள்ள. நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டும். எனக்கு வாசக்காலுக்குக் கட்டை எடுத்து வெச்சுட்டு மீதிய எங்க வேணாலும் கொண்டு போ."

"உனக்கென்னடி பங்கு இதுல? மரம் என்ற மண்ணுல நின்னது. இது என்ற மரம். கேக்கறதுக்கு நீ யாரு?"

அதை அவன் மெதுவாகச் சொல்லவில்லை. எங்கள் வாழவந்தி நாட்டுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் ரோட்டோரத்துக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். என் மண், என் மரம் என்று இன்னும் இரண்டு தடவை சொன்னான். பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். பேசினால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவன் எதிரில் அழுவதைவிடச் செத்துப்போகலாம். பட்டையில் வடிந்திருந்த பலாப்பால் சேலையில் ஒட்டிக்கொண்டது. அது ஒட்டினால் போகாது. ஒட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் பொறுமை இழந்தது மெஷின்காரர்தான். "உங்க பஞ்சாயத்த முடிச்சுட்டுக் கூப்புடுங்க. நான் மெஷின எறக்கிக்கிட்டுப் போறேனுங்க" என்று டிராக்டர் பக்கம் திரும்பினார். அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. வாசலூர்பட்டி ஏரிப் பக்கத்தில் டூரிஸ்டுகளுக்கு விடுதி கட்டுகிறவர் ஒருவர், சாப்பாட்டு மேஜைக்கு ஒரே பலகையாக வேண்டும் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தார். அதை விட மனசில்லை.

"சரி. ரெண்டு காலு, மேல கீழ ரெண்டு கட்டை. அத எடுத்துக்கிட்டு வாய மூடிக்கோணும்" என்றான். ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கினேன்.

அறுவை தொடங்கியது. மரத்தின் உருண்டை முதுகில் நேரான ஏணி ஒன்றை வைத்து ஆணியடித்தார்கள். செயின்சாவை ஓர் இரும்புச் சட்டத்தில் பூட்டி, அந்த ஏணியின்மேல் படுக்கவைத்தபடி நகர்த்தினார்கள். முதல் அறுப்பு நேராக வர வேண்டும், அது கோணினால் அடுத்து வருகிற எல்லாப் பலகையும் கோணும். மெஷின்காரர் குனிந்தவாறே பின்னால் நகர, கூட வந்தவர் அறுத்த பிளவில் ஆப்பு அடித்துக்கொண்டே வந்தார். ஆப்பு வைக்காவிட்டால் மேல் பலகை தன் பாரத்தால் அழுந்தி வாளைக் கடித்துக்கொள்ளும். பால் பிசுக்கு சங்கிலியில் ஏறி அடிக்கடி நின்றது. டீசல் ஊற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் ஓட்டினார்கள். மஞ்சள் தூள் எங்கள் எல்லார் தலையிலும் படிந்தது. அண்ணன் தலையிலும் என் தலையிலும் ஒரே மஞ்சள். பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

மேல்தோலைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளியதும் உள்ளே வைரம் பாய்ந்த கட்டை தெரிந்தது. புது மஞ்சளை உரசி வைத்த நிறம். அண்ணன் அதைத் தடவிப் பார்த்தான். நானும் தடவிப் பார்த்தேன். அகலமான பாளங்கள் பேண்ட்சாவின் வாய்க்குள் நுழையாது என்று செயின்சாவிலேயே எடுத்தார்கள். நடுமரம் முழுக்க விடுதிக்குப் போயிற்று. அகலம் குறைந்த மிச்சத்தைக் கடப்பாரை போட்டு உருட்டி, பேண்ட்சாவின் இரும்புகளுக்கு நடுவே ஏற்றி, கல் வைத்து அண்டைகொடுத்தார்கள். பேண்ட்சா செயின்சாவைப் போலக் கத்துவதில்லை. சீறிக்கொண்டே போய், வழவழப்பாக ஒரு பலகையை விட்டுவிட்டு வருகிறது. என் கட்டைகள் அதிலிருந்துதான் வர வேண்டும். வாளுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

"அங்க உன்ற காட்டுல மாடு எறங்கிருச்சு!" என்று அண்ணி மேட்டிலிருந்து கத்தினாள்.

ஓடினேன். அவர்கள் மாடுதான். கயிறு அறுந்திருக்கவில்லை, முளையிலிருந்து அவிழ்த்திருந்தது. மாடு அவிழ்த்துக்கொள்ளுமா? மரவள்ளிக் குருத்தைத் தின்றால் மாட்டுக்கு ஆகாது, நுரை தள்ளிச் செத்துவிடும். என்னைக் காட்டுக்கு விரட்டுவதற்குத் தன் மாட்டையே பணயம் வைக்கிறாள் என்றால் எவ்வளவு வன்மம் பாருங்கள். அதைப் பிடித்து இழுத்துக் கட்டிவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

என் கட்டைகள் அறுத்துச் சதுரமாகி ஓரமாகக் கிடந்தன. கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். எல்லாவற்றின் இரு முனைகளையும் தட்டி நறுக்கி, ஒரு சாண் அளவுக்கு ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்திருந்தது. ஈரம் காயவில்லை. அண்ணன் கையில் பிரஷ் இருந்தது.

"முனை வெடிக்காம இருக்கறதுக்கு" என்றான்.

அது உண்மைதான். பச்சை மரத்தின் முனையில் பூச்சு பூசாவிட்டால் வெடித்துவிடும். ஆனால் அடுக்கி வைத்திருந்த அவன் பாளங்களில் ஒன்றில்கூடப் பெயிண்ட் இல்லை. நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இதுல அடி எது, நுனி எது?"

"எனக்கென்ன தெரியும்? அறுத்தவரக் கேளு."

மெஷின்காரர் வாளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நாங்க அறுக்கறதோட சரிங்க. உருட்டறப்ப எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு யாருங்க பாத்தது?" அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்கு அது மரம், அவ்வளவுதான்.

வாசக்கால் நடுகிறவர்களுக்கு இது என்னவென்று தெரியும். மரம் நின்றபடியே கட்டையும் நிற்க வேண்டும். வேர்ப்பக்கம் கீழே, கிளைப்பக்கம் மேலே. தலைகீழாக நட்டால் அந்த வீடு விளங்காது என்பார்கள். அடிமரம் முழுசாகக் கிடக்கும்போது குழந்தைகூடச் சொல்லிவிடும். சதுரமாக அறுத்து முனையை நறுக்கிவிட்டால் இரு முனையும் ஒன்றுபோல் ஆகிவிடும். அதனால்தான் எல்லாரும் அறுப்பதற்கு முன்பே அடிப்பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து வைப்பார்கள். மாட்டைப் பிடிக்க ஓடியதில் நான் அதைக்கூடச் செய்யவில்லை. கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கிளை முடிச்சாவது இருந்தால் கிளை போன திசையை வைத்துச் சொல்லிவிடலாம். நல்ல வைரக்கட்டை, ஒரு முடிச்சும் இல்லை. அவன் என்னை ஏமாற்றுவதற்கென்றே உயர்ந்த கட்டையாகப் பார்த்துக் கொடுத்திருந்தான்.

கட்டைகளை நிழலில் காயவைத்து, கோடையில் ஆசாரியைக் கூப்பிட்டேன். அவரும் எங்கள் மலைக்காரர்தான். கட்டையைத் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர், விஷயத்தைச் சொன்னதும் உளியைப் பைக்குள் போட்டுவிட்டார்.

"அடி தெரியாத கட்டைய நான் நட மாட்டேனுங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையத்தான் சொல்லுவாங்க."

"தலைகீழா நட்டா யாருக்குங்க ஆகாது?"

"மொதல்ல மரம் நின்ன மண்ணுக்காரங்களத்தான் புடிக்கும். அப்புறம்தான் ஊட்டுக்காரங்களுக்கு."

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! மரம் யார் மண்ணில் நின்றது என்பதை அண்ணன் வாயாலேயே ஊர் முழுக்கக் கேட்டிருந்ததே. நான் ஆசாரியிடம் சொன்னேன்: "கயிற அவுக்கறப்ப முனைய மாத்தாதீங்க. கெடக்கறபடியே ரெண்டு காலையும் ஒரே பக்கமா வெச்சுப் பூட்டுங்க. மேல கட்டையும் கீழ கட்டையும் ஒரே அளவா இருக்கட்டும், புரட்டி வெச்சாலும் பொருந்தோணும். பழி வந்தா என்ற மேல. நான் ஊருக்கே சொல்லிர்றேன்."

சொன்னேன். பஸ் ஸ்டாப்பில் சொன்னேன், ரேஷன் கடை வரிசையில் சொன்னேன், டீக்கடையில் சத்தமாகவே சொன்னேன். வளர்பிறையில் வாசக்கால் நடுகிறேன், எல்லாரும் வந்துவிடுங்கள். எது அடி எது நுனி என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும். சொல்லாவிட்டால், என் மண் என் மரம் என்று சொன்னவர் பார்த்துக்கொள்வார்.

சேதி மேட்டிலிருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணி என்னிடம் வந்தாள். இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவள், கண்ணு என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். "புள்ள மாசமா இருக்கறா கண்ணு. இப்பப் போயி இந்த மாதிரி பண்ணாதீங்க."

அவள் மகள் அடிவாரத்தில் வாக்கப்பட்டு, தலைப்பிரசவத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தூக்கி வளர்த்த பெண். இந்தச் சாங்கியத்தை நம்புகிறாயா என்று கேட்டால், பாதி நம்புகிறவள் நான். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும், "அண்ணன் வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க அண்ணி. சொல்லச் சொல்லுங்க" என்றேன். குறித்த நாளை மாற்றவில்லை.

"அவுருக்குத் தெரியாதுங்கறாரே" என்று முனகிக்கொண்டே போனாள்.

நட்ட அன்று காலையில் கீழ்க்காட்டில் நல்ல கூட்டம். பாதிப் பேர் வாழ்த்த வந்தவர்கள், பாதிப் பேர் சண்டை பார்க்க வந்தவர்கள். ஆசாரி கால்களுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். குழியில் நவதானியம் போட்டேன். அண்ணன் மேட்டில் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கண் மட்டும் வேலியை விட்டு நகரவில்லை.

நான்கு பேர் வாசக்காலைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆசாரி தூக்குக்குண்டு விட்டு நேராக நிற்கிறதா என்று பார்த்தார். கலவைச் சட்டியை எடுத்தார். என்னைப் பார்த்தார். "போடுங்க" என்றேன்.

"நிறுத்துங்க! நிறுத்துங்கடா!"

மிளகுக்கொடிகளை மிதித்துக்கொண்டு அண்ணன் இறங்கி ஓடி வந்தான். செருப்பு ஒன்று எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. "தலகீழா நிக்குது. புரட்டுங்க."

ஒருவரும் அசையவில்லை. கூட்டத்தில் ஒரு பெரியவர்தான் கேட்டார்: "உனக்கெப்படிரா தெரியும்?"

அண்ணன் சுவருக்குள் போகிற பக்கத்தில், காலின் மேல்முனையில் இருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினான். உதிரவில்லை. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துச் சுரண்டினான். சிவப்புக்கு அடியில் குறுக்காக ஒரு சின்ன வெட்டு தெரிந்தது. மற்றக் காலிலும் சுரண்டினான். அதிலும் அதே வெட்டு. அடிப்பக்கத்துக்கு அடையாளமாக அவனே போட்டு, அவனே பெயிண்ட் அடித்து மறைத்தது. நான் எப்போதாவது வந்து கெஞ்சுவேன், கீழ்க்காடு வேண்டாம் என்பேன், அப்போது பெரிய மனசு பண்ணிச் சொல்லலாம் என்று பத்திரமாக வைத்திருந்திருக்கிறான்.

நான் அவனைத் திட்டுவதற்கு எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் கூடப் பிறந்தவன் உட்கார்ந்து நிதானமாக இதைச் செய்திருக்கிறான் என்பது வெறும் கோபத்தில் அடங்குவதாக இல்லை. கேவலமாக இருந்தது. அவனுக்கும் சேர்த்து நான் கூசினேன்.

"ஆரு புரட்டறது?" என்றார் ஆசாரி. தூக்கிப் பிடித்திருந்த நான்கு பேரில் இரண்டு பேர் வேண்டுமென்றே கையை எடுத்துவிட்டு ஒதுங்கினார்கள். அண்ணன் தன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். வாசக்காலைச் சாய்த்து, புரட்டி, மறுபடியும் நிறுத்தினார்கள். ஆசாரி மஞ்சளும் குங்குமமும் புதிதாக வைத்தார். கலவை போட்டு, சல்லி வைத்து இறுக்கி முடிக்கும்வரை ஒரு காலை அண்ணன்தான் பிடித்துக்கொண்டு நின்றான். மறு காலை நான் பிடித்தேன். அவன் கையெல்லாம் ஈர மஞ்சள். எங்களுக்கு நடுவில் ஓர் ஆள் நுழையும் இடம்தான் இருந்தது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆசாரி தேங்காய் உடைத்தார். முட்டுக்கொடுத்தாயிற்று, விட்டுவிடலாம் என்றார். அண்ணன் கையை எடுத்தான். வாசக்காலுக்கு உள்பக்கம் நின்றிருந்தவன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் முழங்கால் உயரம் இருந்த கல்வரிசையைத் தாண்டக் காலைத் தூக்கினான். சுவர்தான் இன்னும் எழும்பவில்லையே. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம்.

"அண்ணா" என்றேன். "வாசல் இங்க இருக்குது."

தூக்கிய கால் அப்படியே நின்றது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் காலைக் கீழே வைத்துவிட்டு, திரும்பி, வாசக்காலுக்கு முன்னால் வந்து நின்றான். பிறகு தலையைக் குனிந்து, கீழ்க்கட்டையை மிதிக்காமல் தாண்டி, என் வாசல் வழியாக வெளியே போனான்.